இரண்டு மண்ணெண்ணெய்க் கான், 15 வயசுப் பொடியன், வழக்கு: யாரிடம் போவது?

ஏழாங்கிணறு | திங்கள் இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு ஆச்சி பேரனோடு இருக்கிறார். பொடியனுக்கு 15 வயசு. போன மாதம் கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளங்களில் இருந்து இரண்டு மண்ணெண்ணெய்க் கான் களவு போனது. மூன்றாம் நாள் பொலிஸ் வந்து பொடியனைக் கொண்டுபோனது. ஆச்சிக்கு நீதிமன்றம் எந்தப் பக்கம் என்றே தெரியாது, நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். நீதவான் பிணை கொடுத்தார். நன்னடத்தை உத்தியோகத்தரிடம் அறிக்கை கேட்டுத் தவணை போட்டிருக்கிறார்.

அந்த நன்னடத்தை மிஸ் வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தார். பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூட ரிப்போர்ட், இருந்தால் பிள்ளையின் கிளினிக் கொப்பியும் எடுங்கள் என்றார். ஆச்சி ட்ரங்குப் பெட்டியைக் கிளறி, சொப்பிங் பையில் சுற்றி வைத்திருந்த நீலக் கொப்பியை எடுத்தார். ஆண் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அதே நீலக் கொப்பி. பொடியன் 2010இல் கிளிவெட்டி முகாமில் பிறந்தவன். 2006 சண்டையில் சம்பூரில் இருந்து எழும்பிய குடும்பம். முகாமிலும் மிட்வைஃப் அம்மா விடாமல் வந்து எடை நிறுத்திருக்கிறார். மாதத்துக்கு ஒரு புள்ளி, கோடு வளைந்து வளைந்து ஏறுகிறது. மூன்று வயசோடு புள்ளி நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கொப்பி முழுக்க வெறும் தாள். அவனைப் பற்றி வீட்டில் இருக்கிற அடுத்த கடதாசி பிணைத் துண்டு.

இடையில் நடந்ததை ஆச்சி சொல்லித்தான் எனக்கே தெரியும். தகப்பன் வேறு குடும்பம். 2015இல், அவனுக்கு ஐந்து வயசு முடிந்த கையோடு, தாய் குவைத்துக்குப் போனார். இரண்டு தரம் வந்து போயிருக்கிறார். பொடியன் பத்து வயசு வரை பாயை நனைத்தான். ஆச்சி ஒருத்தருக்கும் சொல்லாமல் விடிய முதல் பாயைத் தோய்த்துக் காயப்போடுவாராம். நூல் கட்டினார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. இரவில் நித்திரை இல்லை, பகலில் சுருண்டு கிடப்பான், எழுப்பினால் கையில் கிடைத்ததை எறிவான்.

மனநலக் கிளினிக்கில் காட்டச் சொல்லி மிஸ் சொன்னார். "வழக்கும் வந்து, விசர் என்ற பெயரும் வந்தால் பிள்ளைக்கு ஆர் பொம்பிளை குடுப்பான்?" என்று ஆச்சி அழுகிறார். காட்டினால் வழக்குக்கு உதவுமா, பாதிக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வள்ளக்காரன் | திங்கள் இரவு 10.15

அவை என் கான் இல்லை, ஆனால் என் கானும் போயிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே இரவில் 340 ஆனது. அன்றிலிருந்து ஒவ்வொரு சொட்டும் எங்களுக்குக் கணக்கு. இரண்டு கான் போனால் அன்றைக்குக் கடல் இல்லை. எனக்கு மட்டுமல்ல, என்னோடு வருகிற இரண்டு பேருக்கும் இல்லை. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தப் பிள்ளைகளுக்கும் மனசு இருக்கிறது.

என் தகப்பனை 1990இல் கொண்டுபோனார்கள். இன்றைக்கு வரைக்கும் ஆள் இல்லை. 13 வயசில் கரைவலை இழுக்கப் போனேன். எனக்கும் நித்திரை வரவில்லைத்தான். நான் ஒருத்தரின் பொருளைத் தொட்டேனா? கஷ்டப்பட்டவனெல்லாம் களவெடுப்பான் என்று எழுதுவது, கஷ்டப்பட்டும் களவெடுக்காதவனின் முகத்தில் அடிக்கிற மாதிரி.

திருமலை_ஸ்காபரோ | திங்கள் இரவு 11.02

எல்லாம் ஐஸ் போதை. வேறு ஒன்றும் இல்லை. நித்திரை இல்லை, எறிகிறான், களவெடுக்கிறான் என்றால் வேறு என்ன? கண்டக்காட்டுப் புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்பி ஆறு மாதம் வைத்தால் சரி. நாங்கள் படித்த காலத்தில் வாத்தியார் பூவரசங்கம்பால் நாலு போடுவார், அத்தோடு முடிந்தது.

மட்டுறுத்துநர் | செவ்வாய் காலை 6.30

முதல் பதிவில் ஒழுங்கையின் பெயரும் கோயில் அடையாளமும் இருந்தன, எடுத்துவிட்டேன். 16 வயசுக்குக் கீழான பிள்ளை, ஊர் சின்னது. "எனக்கு ஆளைத் தெரியும்" என்று வந்த இரண்டு பதிலையும் எடுத்தாயிற்று. தெரிந்தால் தெரிந்ததாகவே இருக்கட்டும்.

வாத்தியார்73 | செவ்வாய் காலை 7.10

பூவரசங்கம்பு என்றதும் கை கூசியது. அதைப் பிடித்தவர்களில் நானும் ஒருவன்.

எட்டாம் வகுப்புக்கு வந்த பிறகும் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத பொடியன்கள் ஒவ்வொரு வருசமும் மூன்று நாலு பேர் இருப்பார்கள். கடைசி வாங்கு அவர்களுக்கென்றே. ஒருத்தன் இருந்தான், ஐந்து நிமிசம் ஒரு இடத்தில் இருக்க மாட்டான். பென்சிலால் தட்டுவான், யன்னலால் எட்டிப் பார்ப்பான், கேள்வியை முடிக்கவிடாமல் பதில் கத்துவான். பதில் அநேகமாகச் சரியாக இருக்கும் என்பது இப்போதுதான் உறைக்கிறது. அன்றைக்குக் குழப்படி என்று அடித்தேன். ஓய்வு எடுத்த பிறகு பேத்திக்கு அதே மாதிரி இருக்கிறதென்று டொக்டரிடம் கொண்டுபோனபோது, கவனக்குறைவு மிகைச் செயற்பாடு என்று ஒரு பெயர் சொன்னார்கள். பேத்திக்கு மருந்தும் பயிற்சியும் கிடைத்தன. அந்தப் பொடியனுக்கு என் கம்பு கிடைத்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பிள்ளை தொடர்ந்து வராவிட்டால் வரவுப் பதிவேட்டில் பெயருக்கு நேரே சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்போம். "பெயர் வெட்டுவது" என்று சொல்வோம். வெட்டுவதற்கு முன் கடிதம் போடவேண்டும், வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும். 2016இல் கட்டாயக் கல்வி வயதை 16 ஆக்கினார்கள். ஆனால் பரீட்சைப் பெறுபேறு வருகிற நேரம், வாசிக்கத் தெரியாத பிள்ளை தானாக நின்றுவிட்டால் பள்ளிக்கூடம் பெருமூச்சு விடும். எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லவில்லை. நானும் அந்தப் பெருமூச்சில் பங்கு.

வள்ளக்காரன் தம்பிக்கு: நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் 13 வயசில் உங்களைக் கரைவலைக்குக் கூப்பிட்டு ஒரு கயிற்றைக் கையில் தர ஆள் இருந்தது, இல்லையா?

வள்ளக்காரன் | செவ்வாய் காலை 7.25

இருந்தது. மாமா.

கறுப்புக்கோட்டு | செவ்வாய் பகல் 1.15

நீதிமன்றத்தில் நிற்கிறேன், இடைவேளையில் எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

இந்த வயசுக்குப் பொருந்துவது 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம். முன்பு 14க்குக் கீழ் சிறுவர், 14 முதல் 16க்குள் இளம் ஆள் என்று இருந்தது; 2022 திருத்தத்துக்குப் பிறகு 18க்குக் கீழ் எல்லோரும் சிறுவர். பத்தரமுல்லையிலும் யாழ்ப்பாணத்திலும் தனிச் சிறுவர் நீதிமன்றம் உண்டு. மற்ற இடங்களில் நீதவானே அந்த நீதிமன்றமாக இருந்து விசாரிப்பார். குற்றப் பொறுப்பு வயசு முன்பு 8. நம்ப மாட்டீர்கள், 2018 வரைக்கும் 8. அந்த வருசத் திருத்தத்தில்தான் 12 ஆனது. 12க்கும் 14க்கும் இடையில் என்றால், செய்தது என்னவென்று விளங்குகிற பக்குவம் இருந்ததா என்று நீதவான் பார்க்கவேண்டும்.

அந்தத் திருத்தம் வரும் வரை பெரிய ஓட்டை 16க்கும் 18க்கும் நடுவில் இருந்தது. 16 முடிந்தால் இந்தச் சட்டம் கையை விட்டுவிட்டது. வளர்ந்த ஆளின் வழக்கு மாதிரியே நடந்தது. அப்போது 16 முதல் 22 வரையானவர்களைப் பயிற்சிப் பாடசாலைக்கு அனுப்ப இன்னொரு 1939 சட்டம் இருந்தது, ஆனால் அது தீர்ப்புக்குப் பிறகு. அதற்கு முன் விளக்கமறியல் வந்துவிட்டது.

உங்கள் பொடியனுக்கு வயசு 15, அவன் இந்தச் சட்டத்துக்குள் வருகிறான். நான் சொல்லக்கூடியவை இவைதான். சும்மா முடிந்துவிடும் என்று நினைத்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்காதீர்கள். முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள், திருகோணமலையிலேயே இருக்கிறது, வருமானம் இல்லாத ஆச்சிக்குக் காசு கேட்க மாட்டார்கள். நன்னடத்தை அறிக்கைதான் இந்த வழக்கின் உயிர். நீதவான் அதை வாசித்துத்தான் பாதுகாவலர் கையில் விடுவதா, நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுவதா, அச்சுவேலி மாதிரி ஒரு சான்று பெற்ற பாடசாலைக்கு அனுப்புவதா என்று முடிவெடுப்பார். அங்கே அனுப்பினால் வாரக் கணக்கு அல்ல, வருசக் கணக்கு. ஆகவே பாய் நனைத்தது, நித்திரை இல்லாதது எல்லாவற்றையும் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். கிளினிக் துண்டு இருந்தால் அறிக்கையோடு போகும். அது வழக்கைப் பாதித்து நான் பார்த்ததில்லை.

ஒரு சந்தேகம். கானை வாங்கினவன் எங்கே? களவுப் பொருள் என்று தெரிந்து வாங்குவதும் குற்றம்தான். 15 வயசுப் பொடியன் இரண்டு கான் மண்ணெண்ணெயைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக விற்கவில்லையே.

வள்ளக்காரன் | செவ்வாய் மாலை 5.50

அதைக் கேளுங்கள் சேர். கரையில் எல்லோருக்கும் தெரியும் யார் வாங்குகிறான் என்று. அரை விலைக்கு வாங்கி முழு விலைக்கு எங்களுக்கே விற்கிறான். அவன் மேல் ஒரு முறைப்பாடும் இல்லை, ஏனென்றால் நாளைக்குக் கடன் தருகிறவனும் அவன்தான்.

கிண்ணியாக்காரி | செவ்வாய் இரவு 9.05

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை வேலை பார்த்தவள். பெயர் வேண்டாம்.

ஸ்காபரோ காக்கா, ஐஸ் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, எங்கள் பக்கமும் இருக்கிறது. ஆனால் பத்து வயசு வரை பாய் நனைத்தவனுக்கு அப்போதே ஐஸ் கொடுத்தது யார்? கண்டக்காடு என்கிறீர்கள். 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்ததையடுத்து நூற்றுக்கணக்கானோர் வேலியை உடைத்துக்கொண்டு ஓடினார்கள், பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள். 15 வயசுப் பிள்ளையை அங்கே வைக்கவா?

தடுத்து வைக்கப்பட்ட இளம் ஆட்களின் மனநலம் பற்றி 19 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். மொத்தம் 32,787 பிள்ளைகள். பொடியன்களில் பத்தில் ஒருவருக்குப் பெரு மனச்சோர்வு, பொம்பிளைப் பிள்ளைகளில் நாலில் ஒருவருக்கு. வாத்தியார் ஐயா சொன்ன கவனக்குறைவு நூற்றுக்குப் பதினேழு. 'நடத்தைக் கோளாறு' நூற்றுக்கு அறுபது அளவில். இந்தக் கடைசிக் கணக்கைப் பார்த்து மயங்கவேண்டாம். களவு, அடிதடி, பள்ளிக்கு ஒளிப்பது, இவற்றை எண்ணித்தான் அந்தப் பெயரே வைக்கிறார்கள். களவெடுத்தவன் ஏன் களவெடுத்தான் என்று கேட்டால், களவெடுக்கிற வருத்தம் என்று சொல்கிற மாதிரி. அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டுவதுதான் வேலை.

தாய் போன கதைக்கு வருகிறேன். 2013இல் ஐந்து வயசுக்குக் கீழே பிள்ளை இருக்கிற தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக முடியாது என்று விதி போட்டார்கள், குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள். 2022இல், டொலர் இல்லாத நேரம், அந்த வயசை இரண்டாக்கினார்கள். அறிக்கைக்கு வீடு வீடாகப் போனவர்களோடு நானும் போயிருக்கிறேன். ஐந்து வயசு முடிந்த மாதமே விண்ணப்பம் வந்துவிடும். படிவத்தில் "பிள்ளையைப் பராமரிப்பவர்" என்ற இடத்தில் அம்மம்மாவின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதினால் சரி. அம்மம்மாவுக்குக் கண் தெரிகிறதா, இரவில் பிள்ளை எழும்பினால் யார் எழும்புவது என்று கேட்க அதில் இடம் இல்லை. தாய்மாரைக் குறை சொல்லவில்லை, என் ராத்தாவும் போனவதான்.

அப்புறம் ஆச்சியின் பயம். "விசர்" என்ற சொல்லுக்குப் பயந்தே எத்தனையோ பிள்ளைகள் 20 வயசில் முதல் தரம் கிளினிக்கைப் பார்க்கிறார்கள். ஆச்சியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நித்திரை வராததுக்கு மருந்து எடுக்கப் போறம்." பொய்யும் இல்லை. வரவே மாட்டேன் என்றால் மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுத்துப் பேசலாம், தமிழிலும் கதைக்கலாம்.

பொம்பிளைப் பிள்ளைகளின் கதை வேறு. அவர்கள் களவெடுத்து வருவது குறைவு. காதலித்து ஓடிப்போய், 16 ஆகவில்லை என்று பிடிபட்டு, "பாதுகாப்புக்காக" என்று இல்லத்தில் வைக்கப்படுகிறார்கள். குற்றம் செய்தவனுக்குப் பிணை, இவளுக்குப் பூட்டு. அதற்கு இன்னொரு இழை வேண்டும்.

திருமலை_ஸ்காபரோ | செவ்வாய் இரவு 11.40

சரி தங்கச்சி, நான் 1985இல் வெளியேறினவன், இப்போது இருக்கிற நிலைமை எனக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். குற்றம் செய்யவில்லை என்றால் பொலிசைக் கண்டு ஏன் ஓடவேண்டும்? செய்தியில் ஒவ்வொரு தரமும் "தப்பியோட முயன்ற இளைஞன்" என்றுதானே வருகிறது.

வாத்தியார்73 | புதன் காலை 6.50

இதற்கு நான் சொல்லலாம். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். அவர்கள் எங்கேயும் ஓடவில்லை, காந்தி சிலைக்குப் பக்கத்தில் கதைத்துக்கொண்டு இருந்தவர்கள். அதற்குப் பிறகு இந்த ஊரில் எந்தத் தகப்பன் மகனிடம் "பொலிசைக் கண்டால் நின்று பதில் சொல்லு" என்று சொல்லி வளர்த்தார்? ஆறு மணிக்கு வீட்டுக்கு வா, சீருடையைக் கண்டால் மற்றப் பக்கத்தால் வா, இதைத்தான் சொன்னோம். இப்போதைய பொடியன்களுக்கு அந்தக் கதையே தெரியாது, ஓடுகிற பழக்கம் மட்டும் வந்திருக்கிறது.

பழைய_ஆள் | புதன் இரவு 1.20

வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எனக்கு 17 வயசில் ஒரு கஞ்சா வழக்கு. லோயர் ஐயா சொன்ன 16க்கும் 18க்கும் நடுவில் விழுந்தவன் நான்தான். பெரிய ஆட்களோடு விளக்கமறியலில் 12 நாள். எந்த இடம் என்று எழுதவில்லை. முதல் இரவு படுக்கக் கிடைத்தது கக்கூஸ் வாசல், இரவு முழுக்க ஆட்கள் என்னைக் கடந்து போனார்கள். இரண்டாம் இரவு ஒரு அண்ணன் தன் பாயில் அரைவாசி தந்தார். வெளியே வந்து எட்டு மாதம் அவர் சொன்ன இடத்துக்கு அவர் சொன்ன பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காசுக்கு இல்லை. அந்தப் பாய்க்கு.

வீட்டில் அப்பா குடி. கசிப்பு முடிந்தால் அம்மாவுக்கு அடி. இதை எந்த விசாரணையிலும் ஒருத்தரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவைப் பிடித்துவிடுவார்கள் என்று பயம்.

இப்போது 24. சித்தப்பாவின் மீன் வாடியில் ஐஸ் உடைக்கிறேன். மீனுக்குப் போடுகிற ஐஸ், மற்ற ஐஸ் இல்லை. விடிய நாலு மணிக்கு லொறி வரும், அதற்கு முன் பெட்டி நிரப்பவேண்டும். களைத்துப்போய்ப் படுத்தால் நித்திரை வருகிறது. ஆனால் சித்தப்பா என்னைத் திருத்தினார் என்று கதை கட்டாதீர்கள். அவர் ஒரு புத்தியும் சொன்னதில்லை. நான் வராத நாளில் ஆளனுப்பித் தேடுவார், அவ்வளவுதான்.

கிண்ணியாக்காரி | வியாழன் காலை 8.30

தம்பி, உங்கள் பதிவை மூன்று தரம் வாசித்தேன். டெரி மொஃபிட் என்ற உளவியலாளர் 1993இல் எழுதினார்: பதின்ம வயசில் சட்டத்தை மீறுகிற பெரும்பாலானவர்கள் வயசு ஏற ஏறத் தாங்களாகவே விட்டுவிடுகிறார்கள். சின்ன வயசிலேயே தொடங்கி விடாமல் போகிறவர்கள் ஒரு சிறு பகுதிதான். அந்த இடைக்காலத்தில் பிள்ளை யார் பாயில் படுத்தான் என்பது எவ்வளவு பெரிய விசயம் என்று நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

ஏழாங்கிணறு | சனி இரவு 10.30

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

சட்ட உதவிக்குப் போனோம், ஒரு லோயர் மிஸ் தவணைக்கு வருவார். வெள்ளிக்கிழமை ஆச்சியிடம் "நித்திரை மருந்து" என்று சொல்லிப் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு மணித்தியாலம் வாங்கில் இருந்தோம். பொடியன் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு இருந்தான்.

டொக்டர் களவைப் பற்றிக் கேட்கவே இல்லை. "எத்தனை மணிக்குப் படுப்பாய்?" என்றார். மூன்று மணி என்றான். "அதுவரைக்கும் என்ன செய்வாய்?" பேச்சில்லை. கொஞ்சம் பொறுத்து, "அம்மா எடுப்பா" என்றான்.

குவைத்தில் அந்த வீட்டு ஆட்கள் படுத்த பிறகுதான் தாய்க்குப் போன் கையில் வரும். அங்கே இரவு பன்னிரண்டு, இங்கே இரண்டரை. ஐந்து வயசில் தூங்கிப்போய் இரண்டு மூன்று தரம் அழைப்பைத் தவறவிட்டிருக்கிறான். பிறகு தூங்காமல் இருக்கப் பழகிவிட்டான். தாய் ஒவ்வொரு நாளும் எடுப்பதில்லை. எடுக்காத நாளிலும் இருப்பான். பத்து வருசமாக ஒரே வீட்டில் படுத்து எழும்புகிற ஆச்சிக்கே இது தெரியாது. பாட்டுக் கேட்கிறான், கேம் விளையாடுகிறான் என்று நினைத்திருக்கிறார்.

கான் விற்ற காசில் கொத்து வாங்கிக் கூட்டாளிகளோடு சாப்பிட்டது உண்மை, மாவா என்ற போதைப்பாக்கு வாங்கியதும் உண்மை, அவனே சொன்னான். மிச்சக் காசுக்கு உடைந்த டிஸ்பிளேயை மாற்றியிருக்கிறான். வாங்கினவனின் பெயரை மட்டும் டொக்டரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

டொக்டர் மருந்து எழுதவில்லை. இரண்டு வாரத்தில் திரும்ப வரச்சொன்னார். தாயோடு கதைக்கவேண்டும், இலக்கம் தாருங்கள் என்றார். துண்டை நன்னடத்தை மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டேன்.

அந்தப் போன் பொலிசில் இருக்கிறது, பிடித்த அன்று எடுத்தது. இப்போது தாய் ஆச்சியின் பொத்தான் போனுக்கு எடுக்கிறார். அதில் முகம் தெரியாது.